வால்டர் அண்ணன் ஷேர் விழுந்த கதை

"பூட்ச்சு நைனா, எல்லாம் பூட்ச்சு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார் வால்டர். மேஜைக்கு அந்தப் பக்கம் பாலகணேஷ் அப்போதுதான் டீ கிளாஸை வாயில் வைத்திருந்தான். மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட்டாக இருப்பவன் என்றைக்குச் சூடாக டீ குடித்திருக்கிறான்? கிளாஸைக் கீழே வைத்தான்.

"எவ்ளோணா போச்சு?"

"நேத்துலேர்ந்து நாப்பதாயிரம். வித்துட்டு வெளிய வந்துர்லாமா?"

ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே பாலகணேஷின் ஆபீஸ். வால்டர், துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட மனிதர், இந்தப் பதினாலு படி ஏறுவதற்குள் ஆடிப்போயிருந்தார்.

ஆடாமல் என்ன செய்வார்? ரிட்டயர்மென்ட் பணம் பதினெட்டு லட்சம். அவருக்கும் மனைவி ஃப்ளோரன்ஸுக்கும் கடைசிவரை சோறு போட வேண்டியது அதுதான். அதில் பத்து லட்சத்தை வேறு யாரோ ஓர் ஆள் மூலமாக ஷேரில் போட்டுவிட்டாராம்.

"மீதி எட்டு லட்சம்?"

"பேங்க்ல கீது."

"அப்ப நாலஞ்சு வருஷத்துக்குச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லணா. ஷேர்ல போட்டது அதுக்கப்புறம் எடுக்கற காசு. ஏறும், எறங்கும். டெய்லி பாத்துகினு இருக்காதீங்க."

வால்டர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை, பாலகணேஷ் ஷட்டரைத் தூக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார்.

"எறங்கசொல்லோ இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டா சராசரி வெல கம்மியாவுமாமே?"

அதற்கடுத்த நாள், "எல்லாத்தையும் தங்கமா மாத்திக்கினா இன்னா?" அதற்கும் அடுத்த நாள், "அறுவது வயசுக்காரன் ஷேர்ல எவ்ளோ வெக்கலாம், எவ்ளோ வெக்கக்கூடாது?" அப்புறம், "ஒரே கம்பெனில வெக்கலாமா, பத்து கம்பெனில வெக்கணுமா?"

ஒரேடியாகப் போடக்கூடாது, மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று பாலகணேஷ் பதில் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டான். அடுத்தவனுடைய கஸ்டமர், காலணா பிரயோஜனம் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் போய்யா என்று சொல்ல வாய் வரவில்லை.

அவனுக்கு அவன் கவலை. மார்ச் முடிவதற்குள் இன்னும் பத்து லட்சம் முதலீடு பிடிக்காவிட்டால், ஃபண்ட் கம்பெனி ஆபீசுக்குத் தரும் வாடகைப் பணம் நின்றுவிடும். நாற்பது வயதில் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டும். மனைவி மதியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் வால்டர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கும் வுழுந்துச்சு நைனா."

"இன்னிக்கு மார்க்கெட்டே லீவுணா. பம்பாய்ல ஹோலி."

வால்டர் ஒரு நொடி முழித்தார். "நேத்து வுழுந்தது இன்னிக்குத்தான நைனா வலிக்குது!"

பாலகணேஷுக்குப் பாவமாகப் போய்விட்டது. மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

பத்தாவது நாள் வால்டர் உட்காரவே இல்லை.

"முடிவு பண்ட்டேன். எல்லாத்தையும் வித்துர்றேன். வர்ற காசு மொத்தத்தையும் நீ விக்கிற ஃபண்டுலயே போட்டுர்றேன். ஃபாரம் எடு, கையெழுத்துப் போடறேன்."

பாலகணேஷின் கை தானாக இழுப்பறைக்குள் போனது. ஃபாரத்தின் முனை விரலில் பட்டது. அவனுக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அவராகத்தானே வலிய வந்து கொடுக்கிறார்?

கையை வெளியே எடுத்து இழுப்பறையைச் சாத்தினான். சாத்தும்போதே தன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"வேணாம்ணா. வுழுந்து கெடக்கசொல்லோ வித்தா நஷ்டம் உங்களுக்கு. அந்தக் காச எங்கிட்ட போட்டா கமிஷன் எனக்கு. நல்ல கம்பெனிங்கன்னா அப்டியே வுட்டு வைங்க, பொறுமையா ஏறும். வூட்டுக்குப் போங்க."

"ஏன், உனக்குத் துட்டு வேணாவா?"

"ஏன் வேணாம்? கெளம்புங்கணா, எனக்கு மனசு மாறிடப் போவுது!"

வால்டர் கிளம்பவில்லை. சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு செக்கை எடுத்துப் பிரித்து, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

பத்து லட்சம். அவருடைய பேங்க், அவருடைய கையெழுத்து.

"ஒரேடியா போடாத. நீ சொன்னியே, மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா, அப்டிப் போடு."

பாலகணேஷ் செக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இது ஏதுணா? பத்து லட்சம் ஷேர்ல மாட்டிக்கினு கீதுன்னீங்களே?"

"எங்கிட்ட ஏது நைனா ஷேரு? இந்த ரோட்டுல மூணு ஏஜென்ட்டுகிட்ட இதே கதயச் சொன்னேன், இல்லாத ஷேரயே வித்துத் தரேன்னு ஃபாரம் நீட்டுனானுங்க!"