கைராசி

"உள்ள வாங்க. அப்படியே கதவைச் சாத்திடுங்க" என்றார் தலைமை ஆய்வாளர்.

கைராசியக்கா கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பதினாறு வருடமாக அந்த ஆய்வகத்தில் உதவியாளர். ஒரு பொருளைக்கூடக் கை தவறவிடாதவள் என்று எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. திங்கட்கிழமை காலைவரை அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

"ஃப்ரீசர்ல இருந்து லெக்டின் குப்பியை எடுத்துக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

அந்த லெக்டின் மனித உடம்பில் இருக்கிற, சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். அதை பாக்டீரியாவுக்குள் உருவாக்கிப் பிரித்தெடுக்க ஆறு மாதம் ஆகியிருந்தது. கிடைத்தது சுண்டுவிரல் அளவில் ஒரே ஒரு குப்பி. ரத்த அணுக்களோடு அதைச் சேர்த்தால், அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சோதனைத் தட்டின் சிறு குழி முழுக்கப் படரும். லெக்டின் இல்லாவிட்டால் அடியில் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும்.

"சார், அந்தக் குப்பியைப் பத்தி நானே உங்ககிட்ட..."

"இருங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க." ஆய்வு நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "மூணு நாள், தொண்ணூத்தாறு குழி. ஒண்ணுகூட ஏமாத்தல. எல்லாம் ஜம்முன்னு படர்ந்திருக்கு. சர்க்கரைக் கரைசலை விட்டதும் அணுவெல்லாம் பட்டுனு பிடியை விட்டுடுச்சு. என் கண்ணையே நம்ப முடியல!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாக் குழியிலயுமா சார்?"

"எல்லாத்துலயும்! உங்க கைராசின்னா சும்மாவா?" நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு மணிக்குள்ள கட்டுரை போயாகணும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

'அருகிலிருந்து பார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே அவர் விரல் இருந்தது.

"நான் பார்க்கலையே சார்."

"நான் பார்த்தா போதாதா? அடுத்த மாசத்தோட உங்க ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கில்ல? புதுப்பிக்கிறது என் கையிலதான் இருக்கு."

அவள் பேனாவை எடுத்தாள். வேலை போனால் வீடு என்னாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஒரே ஒரு கையெழுத்து. வேலையும் நிலைக்கும், திங்கட்கிழமை நடந்ததையும் யாரும் கிளறப்போவதில்லை.

"ம், சீக்கிரம்" என்றார்.

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"மன்னிச்சுடுங்க சார். திங்கட்கிழமை குப்பி கை தவறி, மொத்தமும் கீழ கொட்டிடுச்சு. பயத்துல என்ன செய்யறதுன்னு தெரியல. மூணு நாளா நீங்க தட்டுல விட்டதெல்லாம் நான் ரொப்பி வெச்ச வெறும் உப்புத் தண்ணி!"