ஏலத்தில் வந்த ஃபியட்

ஆன்லைன் ஏலத்தில் அந்தப் பழைய ஃபியட் காரை எடுத்ததிலிருந்து சந்தனராஜுக்குத் தூக்கமே இல்லை. இரண்டு லட்சத்தில் முடிய வேண்டிய வண்டி. யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனதில் நாலரை லட்சத்தில் வந்து நின்றது. விற்பவரே ஆள் வைத்து ஏற்றிவிட்டார் என்று கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை பொருமிக்கொண்டிருந்தான். சாவியை வாங்கும்போது கேட்டேவிட்டான்.

"எனக்கு எதிரா ஏலம் கேட்டது உங்க ஆளுதானே சார்?"

பெரியவர் வேலுச்சாமியின் முகம் மாறவில்லை. "எம்பொண்ணுதானுங்க. வேற பேருல கேட்டா எனக்குத் தெரியாதுங்களா? இது அவங்கம்மா ஓட்டுன வண்டி. அவ போய்ச் சேர்ந்துட்டா. சாதி விட்டுக் கட்டிட்டுப் போன பொண்ணுக்கு இந்த வீட்டுல ஒரு துரும்புகூடக் கெடையாதுங்க. நீங்க எடுத்ததுல எனக்கு நிம்மதி."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப, தெருமுனையில் ஒரு பெண் கைகாட்டி நிறுத்தினாள். அழுது வீங்கிய முகம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

"அண்ணா, நான் அந்த வீட்டுப் பொண்ணுதானுங்க. அம்மா சீட்டுல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எறங்கிக்கறனுங்க."

அவள் கை கதவின் பிடியில் இருந்தது. அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே, இத்தனை நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல இளகியது. உள்ளிருந்தபடியே கதவைப் பூட்டிவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினான்.

"உக்கார்றது இருக்கட்டும்மா. நீங்க கடைசியா கேட்ட தொகை இப்பவும் கையில இருக்கா? அதுக்கு மேல ஒரு லட்சம் புரட்ட முடியுமா?"