பத்தொன்பதாவது கிலோமீட்டர்

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதக்கூட மூச்சில்லாமல் தனியேல் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. மேலே, கணவாயில், வெள்ளைக் கூடாரம் தெரிந்தது.

ஒரு மணிக்குக் கூடாரத்துக்குக் கீழேயே கயிறு கட்டிவிடுவார்கள். பிந்தியவர்களை அங்கிருந்தே வேறு பாதையில் இறக்கி அனுப்பிவிடுவார்கள்.

பந்தயம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கூடாரம் பத்தொன்பதாவதில். மீதியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கூடாரத்தில் ஒருத்தியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர். காரைக்கால் தருமபுரத்தில் அவருடைய மொட்டைமாடி பன்னிரண்டு. தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தால் பதினான்கு.

ஊரில் ஏற்றம் என்று இருந்தது அரசலாற்றுப் பாலம் ஒன்றுதான். அறுபத்திரண்டு வயதில், பதினொரு மாதம், அதில் ஏறி இறங்கினார். அம்பகரத்தூர் பஸ் கண்டக்டர் தினமும் தலையை வெளியே நீட்டி, "ஏறிக்குங்கய்யா, டிக்கெட்டு வேணாம்" என்பார்.

மனைவி மத்லேன் மட்டும் சிரிக்கவில்லை. "மாடியில துணி எடுக்கப் போனாலே மூணு தடவ நிக்கிறீங்க. போறதுதான் போறீங்க, சொல்ல வேண்டியத மட்டும் சொல்லுங்க. பட்டாளத்துக் கதைய ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள்.

பட்டாளத்துக் கதை ஊருக்கே மனப்பாடம். ஒவ்வொரு ஜூலை பதினாலும், பிரெஞ்சு தேசிய நாளில், பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மைக்கைப் பிடித்து, பிரெஞ்சு ராணுவத்தோடு பனிமலையில் ஓடியதை முக்கால் மணி நேரம் பேசுவார். அவர் வேலை பார்த்தது பிரான்சின் வடக்கே ஒரு சமவெளி நகரத்தின் ராணுவக் கிடங்கில். அங்கே அவர் ஏறிய உச்சி, போர்வைகள் அடுக்கியிருந்த மேல் தட்டு.

வழியனுப்பு விழாவில் விளையாட்டுப் பேரவைத் தலைவர் முருகானந்தம் பொன்னாடை போர்த்தினார். 'ஆல்ப்ஸை வென்ற அஞ்சாநெஞ்சரே' என்று ஃப்ளெக்ஸ், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே. அதில் முருகானந்தம் ஆளுயரம். தனியேல் தபால்தலை அளவு. பின்னால் இருந்த மலை இமயமலை.

பன்னிரண்டு ஐம்பத்தாறு. முட்டியில் கையை ஊன்றி, நாலடி வைத்து, நின்று, நாலடி வைத்தார்.

சொல்ல வேண்டியது முதலில் இருபது நிமிடப் பேச்சாகத்தான் இருந்தது. பாலத்தில் ஓட ஓட அது குறைந்துகொண்டே வந்தது. உடம்பு இளைத்ததோ இல்லையோ, பேச்சு மூன்று வார்த்தையாக இளைத்துவிட்டது.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கயிற்றைக் கையில் வைத்திருந்த ஆள் அவரைப் பார்த்துவிட்டு, கட்டாமல் நின்றான்.

கூடாரத்துக்குள் மேசை. மேசைக்குப் பின்னால் மஞ்சள் ஜாக்கெட் போட்ட பெண். முன்னால் நின்ற ஆள் பந்தயத்தைக் கைவிடுவதாகச் சொன்னான். அவள் பிரெஞ்சில் கேட்டாள்: எண், பெயர், காரணம். தாளில் எழுதிக்கொண்டாள். மார்பிலிருந்த எண் அட்டையின் மூலையைக் கத்தரித்தாள்.

அடுத்தது தனியேல்.

அவள் நிமிர்ந்தாள். பேனா நின்றது.

"தொடர்கிறீர்களா, நிறுத்துகிறீர்களா?" எல்லாரிடமும் கேட்ட அதே மரியாதையில் கேட்டாள்.

வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. மறுபடி திறந்தார். நெஞ்சிலிருந்து விசில்போல் ஏதோ வந்தது, வார்த்தை வரவில்லை.

அவள் காத்திருந்தாள். முன்னால் நின்றவனுக்குக் காத்திருந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

முடியாது என்று அவர் தலையை ஆட்டினார். அவள் எழுதினாள். அட்டையின் மூலையைக் கத்தரித்தாள். தங்க நிறத்தில் மினுங்கும் குளிர்காப்புத் தாளைப் பிரித்து அவர் தோளில் போர்த்தினாள். அந்தத் தோள் கண்ட முப்பத்தேழு பொன்னாடைகளில் குளிருக்கு உதவியது இது ஒன்றுதான்.

கைவிட்டவர்களை ஏற்றிப்போகும் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. யாரோ அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

எட்டாவது வளைவில் மூச்சு திரும்பியது.

பதினொரு வருஷத்துக்கு முன் காரைக்காலில் ஒரு கல்யாணம் நடந்தது. "மாப்ள வீட்டுல ஒரு குண்டுமணி தங்கம் கேக்கல, பொண்ணோட பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்ட்டாங்க" என்று மேடையேறிப் பெருமையாகச் சொன்னவர் பெண்ணின் அப்பா. பெண் வேண்டாம் என்று சொன்னது மேடைவரை வரவில்லை. பிரான்சுக்குப் போன ஐந்தாம் வருஷம் மாப்பிள்ளை கைக்கு பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வந்தது. மறுமாதமே பெட்டியைக் கட்டிவிட்டான். அனுசரித்துப் போகத் தெரியாதது உன் தப்புதான் என்று அப்பா போனில் முக்கால் மணி நேரம், மூச்சு விடாமல், மகளுக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் நம்பர் மாறிவிட்டது. முகவரி யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் ஒரு மலைப் பந்தயத்தில், பத்தொன்பதாவது கிலோமீட்டரில் தொண்டு செய்கிறாள் என்பது மட்டும், எவரோ இணையத்தில் போட்ட படத்தில் தெரிந்தது.

"தப்பு என் மேலதான்மா" என்றார் தனியேல், முன் சீட்டின் முதுகைப் பார்த்து.

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினான்.

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும் மத்லேன் கூப்பிட்டாள்.

"சேவெரினப் பாத்தீங்களா? சொன்னீங்களா?"

"சொன்னேன்."

பொய்யில்லை.

"அவ?"

தங்கத் தாள் காற்றில் சலசலத்தது. அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எல்லாருகிட்டயும் பேரு கேட்டா. எங்கிட்ட கேக்கல. அவளே எழுதிக்கிட்டா."