பூர்வகுடி விருந்து

"நம்ம புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு இறாலு குடுத்தா இன்னா குணா கொறஞ்சி பூடும்?" கரண்டியும் கையுமாகக் கேட்டாள் அங்கம்மா.

"ஒண்ணுகூடக் கூடாது. சாமானுக்குக் காசு குடுத்தது நுங்கம்பாக்கத்து ஸ்கூலு. அவங்க புள்ளைங்க சாப்ட்டது போக மிஞ்சினா பாக்கலாம்."

"இம்மா ருசியா ஆக்கி வெச்சிகீறேன். எங்கேர்ந்து மிஞ்சும்?"

டீச்சர் குணசுந்தரி கடற்கரைப் பக்கம் திரும்பினாள். கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் அவளுடைய நாலாம் வகுப்பு மொத்தமும் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றது. எல்லாம் திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளைகள்தான். ஆனால் அப்பன்மார் பிடிக்கும் பெரிய இறால் நேராக ஐஸ் கம்பெனி லாரியில் ஏறிவிடும். பிள்ளைகளுக்கு வாய்த்தது பள்ளிக்கூடத்து அமெரிக்கக் கோதுமை உப்புமா.

"அந்தாண்ட போங்க! விருந்தாளிங்க முன்னாடி வந்து நின்னீங்க, தோலை உரிச்சிடுவேன்!" குணசுந்தரி விரட்டினாள்.

"மீன்கூடை தூக்கினவ மவதானே நீ? டீச்சரானதும் நம்ம புள்ளைங்களே ஒனக்கு எளக்காரமா பூட்ச்சா?" குழம்புச் சட்டியிடம் பேசுவதுபோல் பேசினாள் அங்கம்மா.

அதற்குள் நுங்கம்பாக்கத்துப் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் வெள்ளை ஷூவுமாகப் பிள்ளைகள் மணலில் இறங்கினார்கள். கூடவே குடையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தலைமையாசிரியை.

"சில்ட்ரன், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் என்னென்ன சாப்பிடுவார்கள் என்று படித்தோம் அல்லவா? இன்று நம் ஊர்ப் பூர்வகுடிகளின் உணவைச் சாப்பிட்டே தெரிந்துகொள்ளப் போகிறோம். இவர்கள் ஆதிகாலம் முதல் இதே இடத்தில் வாழ்கிறவர்கள்."

"ஆதிகாலமா? ராயபுரத்துல வூட்டைக் கடலு முழுங்கிச்சின்னு இங்க வந்தோம்மா. அப்ப எம் பெரிய பொண்ணுக்குப் பல்லுகூட மொளைக்கல" என்றாள் அங்கம்மா.

தலைமையாசிரியை அதைக் காதில் வாங்கவில்லை. "தைரியமாகச் சாப்பிடுங்கள். வீட்டில் மீன் சமைக்கிறவர்களை மட்டும்தானே அழைத்து வந்திருக்கிறேன்."

இலைகளில் இறால் தொக்கு, நண்டு என்று வரிசையாக விழுந்தன. ஒரு சிறுமி குனிந்து மோந்து பார்த்தாள். "வாசனையா இருக்கு மிஸ்!"

அங்கம்மாவுக்கு முகமெல்லாம் பல். படகுக்குப் பின்னாலிருந்து யாரோ முனகினார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று குறுக்கே வந்தாள் குணசுந்தரி. "முதலில் பாடம். இறாலுக்கு இதயம் எங்கே இருக்கிறது தெரியுமா? தலையில். அதன் முதுகில் கறுப்பாக ஒரு நூல் ஓடும். அது நரம்பு இல்லை, மலக்குடல். கடலடியில் செத்து அழுகியதையெல்லாம் தின்று அதில்தான் சேர்த்து வைக்கும்."

சிறுமியின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

"அத்த நான் உருவிப் போட்டுட்டேண்டி!" என்று அலறினாள் அங்கம்மா.

"பெரும்பாலும் உருவியாகிவிட்டது" என்று திருத்தினாள் குணசுந்தரி. "அடுத்து நண்டு. பசி வந்தால் நண்டு நண்டையே தின்னும். கடலில் எது செத்து மிதந்தாலும் முதலில் போய் உட்காருவதும் அதுதான்."

"மனுஷன் மிதந்தாக்கூடவா மிஸ்?" என்றான் ஒரு பையன்.

குணசுந்தரி கொஞ்சம் யோசித்தாள். "நண்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது கண்ணு."

பையன் இலையை மெல்ல முன்னால் தள்ளினான். நிலைமையைச் சரிசெய்யத் தலைமையாசிரியையே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். "பாருங்கள், நானே சாப்பிடுகிறேன். புட்டு போல உதிரியாக இருக்கிறதே, இது என்ன?"

"சுறாப் புட்டு மேடம். சிறுநீரில் இருக்கிற உப்பு சுறாவுடைய சதை முழுக்க ஊறியிருக்கும். அந்த லேசான வாடை அதனால்தான்."

வாயில் இருந்தது கைக்குட்டைக்கு மாறியது. அதே நேரம் கடைசி வரிசையில் ஒருவன் தன் வெள்ளை ஷூமேல் வாந்தி எடுத்தான்.

"சில்ட்ரன், பஸ்! பாடம் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்துவிட்டது!"

பஸ்ஸின் கதவு சாத்தப்பட்டது. அங்கம்மா கரண்டியை மணலில் வீசினாள்.

"பாவி! விடிகாலைலேர்ந்து அடுப்புல வெந்து ஆக்கினதை நாறடிச்சிட்டியே! நம்ம சோறு ஒனக்கு அவ்ளோ கேவலமா பூட்ச்சா? ஒன்னைப் படிக்க வெச்சான் பாரு ஒங்கப்பன், அவனைச் சொல்லணும்!"

பஸ் எண்ணூர் ரோட்டில் ஏறி மறையும்வரை குணசுந்தரி கைகூப்பி நின்றாள். அப்புறம் படகுப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள்: "டேய், கைய கழுவிகினு ஓடியாங்கடா! சட்டியில ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது!"

நாலாம் வகுப்போடு பந்தியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து நின்ற அங்கம்மாவிடம் இலையை நீட்டினாள். "மூணு நாளா உக்காந்து மனப்பாடம் பண்ணேங்க்கா. சுறாவுலயே ஓடிட்டாங்க, திருக்கை மீனுக்கு வெச்சிருந்ததெல்லாம் வீணாப் பூட்ச்சி!"