தூங்காத வம்சம்

"பெரியவன் கை நடுக்கத்துக்கு எதுக்கு டாக்டர் எங்க மூணு பேர் ரத்தமும்?" என்றார் அச்சக முதலாளி. "அவனுக்கு வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான். மூணு மாசமா கண்ணே மூடல. வீட்டுல உட்கார்ந்திருக்கும்போதுகூட வெறும் காத்துல கையை ஆட்டி மிஷின் ஓட்டுறான், அவ்வளவு பொறுப்பு. எங்கப்பாவும் சாகற வரைக்கும் அப்படித்தான். இந்தச் சின்னவன்தான் எங்க வம்சமான்னே சந்தேகமா இருக்கு."

மூலை நாற்காலியில் சின்னவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

டாக்டர் மரபணு ரிப்போர்ட்டைப் பிரித்தார். "அது பொறுப்பு இல்ல சார், மூளையை அரிக்கிற பரம்பரை வியாதி. முதல்ல தூக்கத்தைத்தான் பறிக்கும். உங்கப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கணும். அந்த மரபணுக் கோளாறு உங்களுக்கும் உங்க மூத்த பையனுக்கும் இருக்கு. சின்னவர் ஒருத்தருக்குத்தான் இல்ல."

நர்ஸ் சின்னவனின் தோளைத் தட்டப் போனாள்.

"எழுப்பாதம்மா," என்றார் முதலாளி. "அவனாவது தூங்கட்டும்."