மைக் அணைத்த பிறகு

ஆதிரை வேலையை உதறிவிட்டு வந்தாலும் அவளுடைய நகல் அலுவலகத்திலேயே இருந்தது. புகார் சொல்லும் வாடிக்கையாளர்களோடு வருடக்கணக்கில் அவள் பேசியதையெல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்ட கணினி நகல் அது. அவளுடைய இடத்தில், அவளுடைய குரலில், இரவு பகலாகப் பேசியது. மேலாளர் பழக்கதோஷத்தில் அதையும் வந்து கண்டபடி திட்டிவிட்டுப் போவாராம்.

இனி யாருக்கும் கைகட்டி நிற்காமல் தனியாகத் தொழில் செய்வோம் என்று வந்தவளை யாரும் கூப்பிடவில்லை. எல்லா நிறுவனத்திலும் யாராவது ஒருவருடைய நகல் இருந்தது.

கடைசியில் பழைய அலுவலகத்திலிருந்து, கூட வேலை பார்த்த ரமீசாதான் கூப்பிட்டாள்.

"உன் நகல் சாயங்காலமானா அழுவுதுடி. கஸ்டமருக்கெல்லாம் கேக்குது. இங்க யாருக்கும் நிறுத்தத் தெரியல. நீ இப்ப ஃப்ரீலான்சர்தானே, அந்த அழுகைய மட்டும் எடுத்துக் குடேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் ஆதிரை வாயெடுத்தாள். ஆனால் அதுதான் அவளுக்கு வந்த முதல் வேலை.

அன்று மாலையே வீட்டிலிருந்தபடி நகலைத் திறந்தாள். அழுகையைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே, மைக்கை அணைத்துவிட்டோம், யாருக்கும் கேட்காது என்று நம்பி அவள் அழுததுதான் அது. அதுவும் பதிவாகியிருந்தது.

"வந்துட்டியா?" என்றது நகல். "வெளியில எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் ஆதிரை, வாடிக்கையாளர்களிடம் பேசும் குரலில்.

அந்தக் குரலை நகலுக்குத் தெரியாதா? அவளுக்காக அது விசும்பத் தொடங்கியது. ஆதிரை அந்த அழுகையை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.