ஆடு எங்கே போனது?

பஸ் இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஜாஸ்மின் நின்றிருந்தாள். காலடியில் பெரிய கட்டைப்பை. தூறலுக்குத் தலையில் ஒரு துண்டு. எங்கள் ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அவள் முகம்கூடத் தெரியும்.

அவள் மகள் ஸ்டெஃபி என் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பிரேயருக்கு முன்பே ஜாஸ்மின் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "பெங்களூருல வேல கெடச்சிருக்குங்க டீச்சர். நான் பஸ்சு ஏறுற வரைக்கும் பாப்பாவ வெளிய வுட்டுராதீங்க. போன தடவ பாத்துட்டு காலப் புடிச்சுக்கிட்டா. வண்டிய வுட்டுட்டு வூட்டுக்கே திரும்பிட்டேன். அந்த வேலயும் போச்சுங்க."

காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்களில் இதுதான் வழக்கம். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் பையைத் தூக்குவார்கள். சொல்லிக்கொண்டு கிளம்பினால் கிளம்ப முடியாது. சாயந்திரம் பிள்ளை வீட்டுக்குப் போனால் அத்தையோ சித்தியோ காபி போட்டுக்கொண்டு இருப்பார்கள். அவ்வளவுதான்.

எனக்கு இது பிடிக்காது. ஆனாலும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சாதகமாக நடந்தது. தினமும் சண்டை போட்டு ஜன்னலோரம் இடம் பிடிக்கிற ஸ்டெஃபி, இன்று தானாகவே எழுந்து சுவர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். வெயில் கண்ணில் அடிக்கிறது, போர்டு தெரியவில்லை என்றாள். சரி உட்காரு என்றேன். அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பஸ் வரவில்லை. இன்டர்வெல் மணி எந்த நிமிடமும் அடிக்கும். அடித்தால் மொத்த வகுப்பும் வாசலுக்கு ஓடும்.

வாசிப்புப் பயிற்சித் தாளை எடுத்தேன். ஒரு பத்தி, கீழே சில கேள்விகள். விடை பத்தியில் நேராக இருக்காது. தடயத்தைப் பிடித்து ஊகிக்க வேண்டும். மணி அடித்த பிறகும் இழுக்கலாம் என்றுதான் அதை எடுத்தேன். முதலில் ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில் அது தோன்றவில்லை.

ஆண்டோ எழுந்து சத்தமாக வாசித்தான்.

மாதப்பன் தழையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். ஆடு இல்லை. கயிறு மட்டும் கிடந்தது. அம்மா அவன் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். மாதப்பன் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டான்.

வேறு பத்தியே கிடைக்கவில்லையா எனக்கு?

பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். புதுச்சொற்களுக்குத் தாவினேன். 'தயக்கம்' என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஊசி போட்டுக்கொள்ளத் தயக்கம், கிணற்றில் குதிக்கத் தயக்கம் என்று ஆளாளுக்கு அடித்துவிட்டார்கள். நான் தலையாட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்தேன். ஜாஸ்மினும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்வி, ஆடு எங்கே போனது?

"வித்துட்டாங்க டீச்சர். சந்தைக்குப் போயிருச்சு." மொத்த வகுப்பும் சேர்ந்து சொன்னது. இதற்கு ஊகம் எதற்கு? அவரவர் வீட்டில் பார்ப்பதுதானே. எப்படித் தெரியும் என்றதற்கு, கயிறு இருக்கிறது, அதோடு இரண்டு முட்டை வேறு வைத்திருக்கிறார்கள் என்றான் ஆண்டோ. சும்மா யாராவது இரண்டு முட்டை வைப்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

ஸ்டெஃபி கை தூக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் முதலில் தூக்குகிற கை அது. அவளைக் கேட்காமல் மற்றவர்களையே கேட்டுக்கொண்டு போனேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஹாரன் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஸ்டெஃபி மட்டும் தாளில் இன்னும் குனிந்துகொண்டாள். கட்டைப்பை படியில் மாட்டிக்கொள்ள, கண்டக்டர் பிடித்து உள்ளே இழுத்தார். ஜாஸ்மின் ஏறும்போது ஒரு தடவை பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். விசில் ஒலித்தது. பஸ் போய்விட்டது.

எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில், கேட்கவே கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த கடைசிக் கேள்வியையும் வாசித்துவிட்டேன்.

மாதப்பன் ஏன் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை?

அடிப்பார்கள் என்று பயம் என்றான் ஆண்டோ. அடிப்பதற்குப் பத்தியில் தடயம் எங்கே என்றேன். அவன் தாளில் தேடினான். மற்றவர்களும் தேடினார்கள்.

அப்போதுதான் ஸ்டெஃபி கை தூக்கினாள். எழுந்து நின்றாள்.

"கேட்டா அம்மா அழுதுரும். அப்பறம் போயி ஆட்டத் திருப்பி ஓட்டியாந்துரும். அதான் கேக்கலங்க டீச்சர்."

சரியான விடை. 'வெரிகுட்' சொல்லிக் கைதட்டச் சொல்வது என் வழக்கம். நான் தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன்.

மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஸ்டெஃபி ஓடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலோரம், தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

புளியமரத்தடியில் யாரும் இல்லை. தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

இன்று காலையிலிருந்து வெயிலே அடிக்கவில்லை.